களிமண் பாதையில் ஒரு பகல்

மச்சான்,

சக்கரங்களுக்குக் குளிர்கால ரயர் பூட்டுவதற்காக இன்று காலை மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள நம் பழைய மெக்கானிக்கிடம் காரை விட்டிருந்தேன். முன் சக்கரத்துக்கு மேலே உடைந்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றியவர், உள்ளிருந்து ஒரு சாம்பல்நிறக் கட்டியை எடுத்து என் கையில் வைத்தார். செங்கல் போல இறுகிய களிமண். எங்கே போய் இதைச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். மேற்கே, ஒரு நண்பனோடு என்றேன். அதற்குமேல் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது.

அந்தக் கோடைப் பயணத்தில் கார் என்னுடையது, ஓட்டியது நீ. நெடுஞ்சாலையில் பாரவண்டியை முந்தவே எனக்குக் கை வேர்க்கும். நான் பயண விதிகளை எழுதிய கொப்பியோடு பக்கத்தில் இருந்தேன். அரைத் தாங்கிக்குக் கீழே போகுமுன் பெற்றோல். எப்போதும் பன்னிரண்டு போத்தல் தண்ணீர். வழியில் நின்றுவிட்டால் காரை விட்டுப் போகக்கூடாது. இதையெல்லாம் ஒன்ராறியோ தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "கொப்பி மாஸ்டர், வெளியாலயும் கொஞ்சம் பாரும்" என்றாய்.

சஸ்காச்சுவானின் தெற்கில், விடிகாலை மழைக்குப் பிறகு அந்த மண் பாதையில் திரும்பினாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் சொல்லவில்லை. அது என் பிழை. ஒரு மைல் போவதற்குள் சக்கரங்கள் புதைந்தன.

"முப்பது வருசம் மொன்றியல் ஸ்னோவில ஓடினவன் நான். இந்தச் சேத்துக்கே பயம்?" என்றாய். பனியில் புதைந்தால் செய்வதையே செய்தோம். காரை முன்னும் பின்னும் ஆட்டினாய், நான் காலடி விரிப்புகளைச் சக்கரத்துக்கடியில் செருகினேன். பனி நசுங்கி வழிவிடும். அந்தக் களிமண்ணோ ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தில் அப்பி, கடைசியில் சக்கரமே சுழலாதபடி இறுகிவிட்டது. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. சுற்றிலும் புல், வானம், ஏறிக்கொண்டிருந்த வெயில்.

வரும் வழியில் ஒரு பண்ணை வீட்டைப் பார்த்ததாகச் சொல்லித் தொப்பியை எடுத்தாய். பதினைந்து கிலோமீற்றராவது இருக்கும். உன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட நாள் முதல் உனக்கு நான் மறுப்புச் சொன்னதில்லை. அன்று தண்ணீர்ப் போத்தல்களை எல்லாம் என் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"தண்ணி தரமாட்டன். போறதெண்டா வெறுங்கையோட போ."

குரல் நடுங்கியது. நீ அப்படியே போய்விடுவாய் என்றுதான் நினைத்தேன். தொப்பியைக் காருக்குள் எறிந்தாய். பிறகு காரின் நிழலில் உட்கார்ந்து, "சரி, ஒரு போத்திலத் தா" என்றாய்.

ஏழு மணித்தியாலம். இடையில் நாலைந்து முறை என் முடிவே பிழையோ என்று எனக்குத் தோன்றியது. ஒருவரும் வரவில்லை. ஆனால் காற்றும் வெயிலும் பாதையைக் காயவைத்தன. ஜாக்கியின் கம்பியால் சக்கரங்களைக் குடைந்து எடுத்தோம். இரண்டு சக்கரத்தைப் புல்லில் ஏற்றி, மாலை வெளிச்சத்திலேயே தார் வீதிக்கு வந்துவிட்டாய். அங்கே காரை நிறுத்திச் சொன்னாய்: "நடந்திருந்தா பாதி வழியில விழுந்திருப்பன். மத்தியானமே நெஞ்சு ஒரு மாதிரித்தான் இருந்தது. உனக்குச் சொல்லேல்ல."

அதன்பிறகு நாலு வருடம் உயிரோடு இருந்தாய். உன் பேத்தியைத் தூக்கினாய். அந்த நாலு வருடத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுத முன்பெல்லாம் கூசியிருப்பேன். இன்று எழுதுகிறேன்.

போன கிழமை உறைமழை பெய்து வீதியெல்லாம் பனிக்கட்டியாகிக்கொண்டிருக்க, மகள் பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்குப் புறப்பட்டாள். வேண்டாம் என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது. இந்த வயதில் அது மாறப்போவதில்லை. அவள் குனிந்து, பிள்ளைகளின் காலில் இருந்த சப்பாத்துகளைக் கழற்றத் தொடங்கினாள். நடுங்கிக்கொண்டே சொன்னாலும் ஒருவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும், மச்சான். அன்று நீ உட்கார்ந்தாய்.