பாதி முகத்தில் காய்ந்த நுரை

என்னங்க,

இருபத்தொன்பது வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தின் தலையில் உங்கள் பெயரை எழுதிப் பார்த்தேன். யாரோ பக்கத்து வீட்டு மனிதருக்கு எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

மஹய்யாவவில் நம் வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. காலையில் பின்பக்கக் குழாயடியில் நீங்கள் முகம் வழிக்கும் அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. காய்ந்த இலையை நகத்தால் சுரண்டுகிற மாதிரி, சர்ர், சர்ர் என்று. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. தரையும் காய்ந்துதான் கிடக்கும். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பேன்.

கண்டி டவுனில் துணிக்கடைக் கவுண்டரில் நின்றவர் நீங்கள். தினமும் முகம் வழிக்க வேண்டும். பிளாஸ்டிக் ரேசர் பட்டாலே கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக எழும்பும். ஒருநாள் வத்தேகம சந்தையில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு பித்தளை ரேசர் வாங்கி வந்தீர்கள். அதற்கான பிளேட்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கூர், மறுபக்கம் தடித்த முதுகு. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காமல் நம் மகன் தினேஷ்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி தருவித்துத் தந்தான். முதல் நாள் வழித்து முடித்ததும் அடுப்படிக்கு வந்து, என் கையை எடுத்துக் கழுத்தில் வைத்தீர்கள். "தடவிப் பாரு. எரியவே இல்ல" என்றீர்கள். கல்யாணம் முடித்து அத்தனை வருடத்தில் பட்டப்பகலில் நீங்களாக என் கையைப் பிடித்தது அன்றுதான்.

பாரிசவாதம் வந்து உங்கள் வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. ரேசர் என் கைக்கு வந்தது. எப்படிப் பிடிப்பதென்று உங்கள் இடது கைதான் காட்டியது. வெந்நீரில் பிழிந்த துவாயை முகத்தில் போட்டு மயிர் இளகும்வரை பொறுக்க வேண்டும். நுரை பூசிய கன்னத்தில் ரேசரின் தலையைத் தட்டையாக வைத்து, கூர் பிடிக்கும்வரை பிடியை மெல்ல உயர்த்த வேண்டும். அழுத்தவே கூடாது, அதன் கனமே போதும். நான் அழுத்தினால் என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவீர்கள். தாடைக்குக் கீழே உங்கள் மயிர் காதுப் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருக்கும். அந்தப் போக்கிலேயே இழுக்கப் பழகினேன். முடிந்ததும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவீர்கள். எட்டு மாதம், அந்த மூச்சு ஒன்றுதான் உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த பேச்சு.

கடைசி நாளைச் சொல்ல வேண்டும். இரண்டு இரவாக எனக்குத் தூக்கமில்லை. விடிந்ததும் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுத்தான் உங்களுக்கு வழிக்க உட்கார்ந்தேன். வலது கன்னம் முடிந்தது. இடது பக்கம் திரும்பும்போது உங்கள் இடது கை எழுந்து வெந்நீர்ப் பேசினைத் தள்ளியது. தண்ணீர் முழுவதும் புது விரிப்பில். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். "இன்னும் எத்தன நாளைக்கு என்ன இப்படி வதைக்கப் போறீங்க?"

சொல்லிவிட்டு எழுந்து போனேன். காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் பாண் இருந்தது, இருந்தும் பாண் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மழையைப் பற்றிப் பேசினார். வேண்டுமென்றே நின்று பேசினேன். திரும்பி வந்தபோது உங்கள் இடது கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்திருந்தது. நீங்கள் இல்லை.

நான் கத்தவில்லை. வெந்நீர் வைத்தேன். மறுபடி நுரை பூசி, மிச்சப் பாதியை வழித்தேன். முகம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. என் மணிக்கட்டில் யாரும் தட்டவில்லை. துடைத்து, விரிப்பை மாற்றி, அதற்குப் பிறகுதான் தினேஷுக்குப் போன் எடுத்தேன்.

வத்தேகமவிலிருந்து உங்கள் அக்கா வந்தார். கன்னத்தைத் தடவித் தடவி அழுதார். "பாரு என் தம்பி முகத்த, தூங்குறவன் மாதிரி இருக்கான். நீ புண்ணியவதிம்மா. ஒன் கையால சுகமா போயிருக்கான்" என்றார். சாவு வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கோயிலில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் என்று உங்கள் அக்கா இன்றைக்கும் சொல்கிறார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் தினேஷ் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். பயப்படாதீர்கள், இரண்டு மணிக்கட்டிலும்தான் முறிவு. மாவுக்கட்டோடு இங்கே வந்திருக்கிறான். தாடி வளர்ந்து அரிப்புத் தாங்காமல் நேற்றுக் காலை கேட்டான். "அப்பாவுக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் வழிச்சு விடுங்கம்மா."

முடியாது என்று எப்படிச் சொல்வேன்? அலுமாரியைத் திறந்து ரேசரை எடுத்தேன். அவனுக்கும் தாடைக்குக் கீழே மயிர் காதுப் பக்கமாகத்தான் சாய்கிறது. தெரியுமா உங்களுக்கு? என் கை பார்க்காமலே அந்தப் போக்கில் போனது. வலது கன்னம் முடிந்தது. திடீரென்று அவன் மாவுக்கட்டுக் கையைத் தூக்கினான்.

ரேசரைப் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என்னா? என்னா செய்யுது? வாயத் தொறந்து சொல்லு."

அவன் பயந்துபோனான். "ஒண்ணுமில்லம்மா. மூக்கு அரிக்குது."

மூக்கைச் சொறிந்துவிட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். நீங்கள் பேசினைத் தள்ளியது, நான் சொன்னது, பாண், மழை, காய்ந்த நுரை எல்லாவற்றையும் சொன்னேன். பாதி முகத்தோடு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் சொன்னான்.

"அப்பாவுக்குக் கோவம் வந்தா எதையும் தள்ளமாட்டாரேம்மா. பேசாம செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது. கோபத்தில் நீங்கள் எதையும் தள்ளமாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும். கடைக்குப் போகும் வழியிலேயே தெரிந்திருந்ததா? தெரிந்துதான் நின்று பேசினேனா? என்னைக் கூப்பிடத்தான் கையைத் தூக்கினீர்களா?

"தண்ணி ஆறுதும்மா" என்றான் தினேஷ். "மிச்சத்தையும் எடுத்து விடுங்க."

எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. துவாயால் ஒற்றும்போது கேட்டான்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிருங்கம்மா. அவங்க ஒங்களப் புகழப் புகழ நீங்க கரைஞ்சு போறீங்க."

ஞாயிற்றுக்கிழமை வத்தேகமவுக்குப் போகிறேன். தினேஷ் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். உங்கள் அக்கா தேத்தண்ணி ஊற்ற எழுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். நான் பேசிய அந்த வார்த்தையையும் மாற்றாமல், குறைக்காமல் சொல்வேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் படியேற விடாமல் போகலாம். போகட்டும். உங்கள் சாவை நான் அழகாக்கி வைத்திருந்தது போதும். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் மனைவி,
தினேஷின் அம்மா,
சரோஜா