ஓடைக்கரை வீட்டுக்கு இன்சூரன்ஸ்

அக்டோபர் 13, திங்கள்

காலையிலேயே தூறல். மாவு புளிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ். இது மூன்றாவது ஆபீஸ். முதல் இரண்டிலும் "வீட்டுச் சாமானுக்கா? பைக்குக்குப் போடுங்க மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே உட்காரவாவது சொன்னார்கள். கவுன்டரில் இருந்தவன் பேர் எழுதினான். தெருப் பேரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டான்.

"ஓடையோரமுங்களா? அங்கெல்லாம் வெள்ளத்துக்குப் போட மாட்டமுங்க. தீ, திருட்டு வேணும்னாப் போட்டுக்கலாம்."

என் வீட்டில் எது தீப்பிடிக்கும்? ஐப்பசி வந்தால் சுவரே நனைந்து கிடக்கிறது. திருட வருகிறவன் முதலில் நீச்சல் பழக வேண்டும்.

வயிறு எரிவது அதற்காக இல்லை. நானும் வீட்டுக்காரரும் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியின் குடோன் அதே ஓடைக்கரையில்தான். என் அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அதன் தகரக் கூரை தெரியும். அதற்கு வெள்ளத்துக்கும் சேர்த்து பாலிசி உண்டு. கொடுத்தது இதே ஆபீஸ். வருஷா வருஷம் புதுப்பிக்க அனுப்புகிறவளே நான்தான். கேட்டேன். "அது கமர்ஷியலுங்க மேடம், பெரிய பார்ட்டி" என்றான். தண்ணீர் பார்ட்டி பார்த்தா உள்ளே வருகிறது?

வாங்க வேண்டியது: ரவை, பியூலாவுக்கு நாலு கோடு நோட்டு, மெழுகுவர்த்தி.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை இல்லை. கரண்ட்டும் இல்லை.

பக்கத்து வீட்டு பாப்பாத்தி அக்கா ஒரு ஏஜென்ட்டை அனுப்பினார். சேவூர்க்காரர். மொபெட், தோள்பை, வாய் நிறைய மரியாதை.

"அதே ஆபீசுலயே பாலிசி வாங்கித் தாரதுக்கு நானாச்சுங்க சிஸ்டர். ஆபீசர் ஒருத்தர் வந்து ஊட்டப் பாப்பாரு. தண்ணி வந்திருக்குதான்னு கேப்பாரு. இல்லீங்கன்னு ஒரே வார்த்தை. அப்பறம் அந்தச் செவுத்துக் கறை, அதைய வெள்ளையடிச்சுப் போடுங்க. பிரிட்ஜு, பீரோவெல்லாம் கல்லு மேல நிக்குதுங்களே, அதைய எறக்கிப் போடோணும். பாத்த ஒடனே காட்டிக் குடுத்துருமுங்க."

பொய் சொல்லியா வாங்க வேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் செல்வினுக்குக் கோபம் வந்துவிட்டது. "உண்மையச் சொல்லி மூணு ஆபீஸ் ஏறி இறங்குனியே, என்னத்தக் கிழிச்ச?"

கோடையில் வந்து, ஓடை காய்ந்து கிடந்தபோது இந்த இடத்தை வாங்கியது இவர். சாத்தூரில் எங்கள் அப்பா சொன்னார், மழைக்காலத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று. கேட்டால்தானே.

அக்டோபர் 16, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. இடது கடைவாய்ப்பல் வலி.

சுவர்க் கறையைப் பற்றி பாப்பாத்தி அக்காவிடம் பேச்சு. இந்தத் தெருவில் வெள்ளத்துக்கு வருஷக் கணக்கு கிடையாது, நிறக் கணக்குத்தான். மழை பெய்கிற ராத்திரி பார்த்து சாயப்பட்டறைக்காரன் கழிவுத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடுவான். அன்றைக்கு எந்தச் சாயமோ அந்த நிறத்தில் வீட்டுக்குள் வரும். "பச்சத் தண்ணி வந்தப்ப எங்க மாமனார் இருந்தாரு கண்ணு. நீங்க குடிவந்த வருசம் மெரூன்" என்றார், கல்யாணம் காட்சியைச் சொல்கிற மாதிரி.

எங்கள் சுவரில் இருப்பது மெரூன். என் இடுப்பு உயரம்.

அந்தத் தடவை போனது: மிக்சி, மெத்தை, அம்மா சீராகக் கொடுத்த தையல் மிஷினின் மோட்டார், அரிசி முழுவதும். மோட்டார் மட்டும் மறுபடி வாங்கினேன். இன்னொரு தடவை எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்க என் உடம்பில் தெம்பு இல்லை. அதற்குத்தான் இந்த இன்சூரன்ஸ். ஆசைப்பட்டுக் கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் ஆராதனை. பிரசங்கம் காதில் ஏறவில்லை. பொய்க்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போய் முழங்கால் போட்டால் எப்படி ஏறும்?

மத்தியானம் முழுக்க வெள்ளையடிப்பு. முதல் பூச்சு காய்ந்ததும் மெரூன் எட்டிப் பார்த்தது. இரண்டாவது பூச்சுக்கும் எட்டிப் பார்த்தது, ரோஸ் நிறத்தில். மூன்றாவதில் ஒருவழியாக அடங்கியது. இதே சாயத்தைப் பனியனில் ஏற்றினால் ரெண்டு துவைப்பில் போய்விடுகிறது.

பிறகு சாமான் இறக்கம். ஃப்ரிட்ஜ், பீரோ, தையல் மிஷின், டி.வி. ஸ்டாண்ட். எல்லாம் ஹாலோபிளாக் கல் மேல் இரண்டடுக்கில் நின்றவை. பீரோவை இறக்கும்போது செல்வினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கல்லையெல்லாம் பாப்பாத்தி அக்கா மொட்டைமாடியில் கொண்டுபோய் ஒளித்தோம். யாரோ கொலை செய்து மறைக்கிற மாதிரி.

பியூலா நடு வீட்டில் நின்று சுற்றிப் பார்த்தாள். "அம்மா, நம்ம வீடு இப்பம்தான் வீடு மாதிரி இருக்கு."

பிள்ளை எட்டாம் வகுப்பு. ஃப்ரிட்ஜ் தரையில் நிற்பதை நம் வீட்டில் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் தோசைக்கல்லைப் போட்டு உடைக்காத குறையாகத் தேய்த்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

ஆபீசர் வந்தார். நான் அரை நாள் லீவு. டீ, மிக்சர், தட்டில் ரெண்டு மைசூர்பாகு.

நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். செருப்பை வெளியே விட்டார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "தண்ணி கிண்ணி ஏறுமுங்களா?"

"ஒரு சொட்டு வராது சார்" என்றார் செல்வின். முகத்தில் ஒரு சலனம் இல்லை. இருபது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்து சரக்கு எடுக்க வருகிற பையருக்குச் சொன்ன பொய்யெல்லாம் கைகொடுத்தது.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எழுந்தவர், "செல்லுல சார்ஜ் இல்லீங்க, செத்த போட்டுக்கட்டுங்களா?" என்றார். சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு டி.வி. பக்கம் குனிந்தார். கீழே பிளக் இல்லை. ஃப்ரிட்ஜ் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கும் இல்லை. நிமிர்ந்தார். போர்டு அவர் கழுத்துக்கு நேராக இருந்தது. அடுப்படியில் பார்த்தார். படுக்கிற அறையில் பார்த்தார். எல்லாம் கழுத்துக்கு நேர்.

ஃப்ரிட்ஜ் வயர் மேலே போர்டுக்கு எட்டியும் எட்டாமலும் விறைத்துக்கொண்டு நின்றது. அவர் அதையும் பார்த்தார்.

"ஏனுங்க, பிளக்கெல்லாம் இவ்வளவு மேல வெச்சிருக்கறீங்க?"

"பிள்ள கைய வச்சிரும்னு" என்றார் செல்வின். பிள்ளை என் தோளுக்கு மேல் வளர்ந்து, மிக்சர் தட்டோடு நிற்கிறாள்.

கறை நினைவு வந்தது, கல் நினைவு வந்தது, பிளக் எங்கள் இரண்டு பேருக்கும் நினைவே வரவில்லை. இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அப்படித்தான். வயரிங் செய்ய வருகிறவன் கேட்கக்கூட மாட்டான், நேராகக் கழுத்து உயரத்தில் குறி போடுவான். உலகத்தில் எல்லா வீட்டிலும் பிளக் அங்கேதான் இருக்கும் என்று எங்களுக்குள்ளேயே ஊறிப்போய்விட்டது.

ஆபீசர் சிரித்தார். நல்லபடியாகத்தான் சிரித்தார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். "பாத்துச் சொல்றனுங்க" என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

அக்டோபர் 21, செவ்வாய்

ஏஜென்ட் போன். "ஆகாதுன்னுட்டாங்க சிஸ்டர். தப்பா நெனச்சுக்காதீங்க." தீ, திருட்டுக்கு இன்னும் போடலாமாம். வாயில் நன்றாக வந்தது, விழுங்கிவிட்டேன்.

சாயந்தரம் செல்வினிடம், கல்லை எடுத்து வந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுங்கள் என்றேன்.

"ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடுவோம். முதுகு கிடந்து கொல்லுது. தீவாளி சரக்கு வேற தலைக்கு மேல கெடக்கு."

மானம் கறுத்துக்கொண்டு வருகிறது, இன்றைக்கே வேண்டும் என்றேன். படுத்துக்கொண்டார். இறக்கும்போது இருந்த அவசரம் ஏற்றும்போது இல்லை.

அக்டோபர் 22, புதன்

விடிந்ததிலிருந்து மழை. ஆபீசில் மேனேஜர்: "ராணிம்மா, செல்வின் மாஸ்டர் சாயந்தரம் போக வேண்டாமுங்க. குடோன்ல சரக்கு எடுத்து வெக்கோணும், ஆள் பத்தல." ஓடையில் தண்ணீர் கூடியிருக்கிறதாம். சனிக்கிழமை போனஸ். இந்த நேரத்தில் யார் முடியாது என்று சொல்வது?

நான் மட்டும் வீட்டுக்கு. நனைந்து.

அக்டோபர் 23, வியாழன்

எழுதுவது பாப்பாத்தி அக்கா வீட்டு மாடியில். பல் வலி.

நேற்று விளக்கு வைக்கிற நேரம் தண்ணீர் வாசலைத் தொட்டது. மொட்டைமாடியிலிருந்து கல் கொண்டுவர நேரம் இல்லை. நானும் பியூலாவும் டி.வி.யைக் கட்டில் மேல் வைத்தோம், துணிமணியைப் பரண் மேல். மிஷின் தலையைக் கழற்றுவதற்குள் மோட்டார் முங்கிவிட்டது. ஃப்ரிட்ஜை அசைக்க முடியவில்லை. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பிள்ளை. "அப்பாவக் கூப்புடும்மா, அப்பாவக் கூப்புடும்மா" என்கிறாள். செல் எடுக்கவில்லை அவர். பீரோவில் கீழ்த்தட்டு முழுக்கப் போனது. பாப்பாத்தி அக்காதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எங்களை இழுத்துப் போனார். "சாமானம் போனாப் போவுது, வா கண்ணு."

இந்தத் தடவை ஊதா.

கல் மேல் நின்றிருந்தால் ஃப்ரிட்ஜ் பிழைத்திருக்கும். தண்ணீர் அவ்வளவுதான் ஏறியது.

அக்டோபர் 24, வெள்ளி

மழை விட்டது. சேறு. சாயப்பட்டறை நாற்றம். குழாய்த் தண்ணீர் கிடையாது.

இரண்டு நாளாக இவரிடம் பேசவில்லை. இன்றைக்குக் கேட்டேன். அந்த மழையில் குடோனில் எதை மேலே ஏற்றினீர்கள் என்று.

"மேல ஏத்தல. கீழ எறக்குனோம்."

புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

"கேன்சல் ஆச்சுல்லா, அந்த ஆர்டர். மேல் மாடில கெடந்த பெட்டி பூராவும் கீழ எறக்கச் சொன்னாவ. நல்ல சரக்கு மேல, அது கீழ. எனக்கும் அப்பம் வெளங்கல ராணி. பாதி எறக்குனப்புறம்தான் வெளங்குச்சு."

வெளங்கியதும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். திரும்பி நின்று சட்டையைக் கழற்றினார். முதுகில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அடிக்கலாம் போல இருந்தது. அடித்து என்ன? பிழிந்துகொண்டிருந்த சேலையை அவர் மேல் எறிந்தேன். எடுத்து அவரே பிழிந்து கொடியில் போட்டார்.

அக்டோபர் 25, சனி

வெயில். போனஸ் கவர் வாங்கியாயிற்று.

குடோனுக்கு இன்சூரன்ஸ் ஆபீசர் வந்தார். அதே ஆள். மேனேஜர் என்னைத்தான் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னார். ஊதாத் தண்ணீரில் ஊறிய பெட்டிகள். சுற்றிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், பாவமுங்க என்றார். என் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. "உங்க ஊட்டுக்குள்ளயும் வந்துருச்சுங்களா?"

"வந்துச்சு சார். இந்தப் பெட்டியெல்லாம் புதன்கிழமை சாயந்தரம் வரைக்கும் மாடியில இருந்துச்சு."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டேன். மேனேஜர் வாசலில் நின்றார், காதில் விழுந்ததா தெரியாது. விழுந்திருந்தால் திங்கட்கிழமைக்கு மேல் எனக்கு வேலை இருக்காது.

ஆபீசர் கேமராவைப் பையில் வைத்தார். "தெரியுமுங்க மேடம்" என்றார். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. பிறகு கீழே குனிந்து பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கார் பக்கம் போனார்.

அவர் போனதும் மேனேஜர் ஓடைக்கரையில் குடியிருக்கிற ஸ்டாஃப் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மூட்டை கொடுக்கச் சொன்னார். நனைந்த பனியன். வீடு துடைக்க ஆகுமே என்று. நல்ல காட்டன், தண்ணீரை நன்றாக இழுக்கிறது. அதை வைத்துத்தான் சாயந்தரம் முழுக்க நானும் பியூலாவும் தரை துடைத்தோம். இந்த வீட்டில் இன்சூரன்ஸ் உள்ள சாமான் என்றால் அது ஒன்றுதான்.