மத்தியானம் இனி கூப்பிட மாட்டேன்

சங்கரன்கோவில்,
புதன்கிழமை

அன்பு மகள் ராஜிக்கு அம்மா எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவரும் சுகமாக இருக்க வேண்டும், அதிலும் நீ கண் நிறையத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். ஏட்டி, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடக்கிவைக்க முடியவில்லை. எனக்கு லீவு கிடைத்துவிட்டது! முழுசாக ஒரு மாதம்! ரயில் டிக்கெட்டும் கன்ஃபார்ம், வருகிற இருபதாம் தேதி காலையில் உன் வீட்டில் இருப்பேன். அங்கன்வாடியை என் கூட வேலை பார்க்கிற இசக்கிசெல்வி பார்த்துக்கொள்கிறாள். அப்பா சந்தோஷத்தில், பிள்ளை பெற்ற உனக்குப் பால் ஊறட்டும் என்று இரண்டு கிலோ பூண்டு வாங்கி உரித்துக்கொண்டிருக்கிறார், ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து ஓடப்போகிறார்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நீ எப்போது கண் அசருகிறாய் என்று யார் கண்டது, கடிதம் என்றால் உன்னை எழுப்பாது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னிடம் போனில் தனியாகப் பேசினார். "அத்தை, தப்பா எடுத்துக்கிடாதிய, மத்தியானம் பிள்ளை தூங்குத ஒரு மணி நேரந்தான் அவளுக்கும் தூக்கம், நீங்க கூப்பிடுவியன்னு அந்த நேரம் தலை சீவி, பொட்டு வச்சு உக்காந்திருக்கா" என்றார். உனக்குத் தலை சுற்றுகிறது, பால் பத்தவில்லை என்று அழுகிறாய் என்றும் சொன்னார். சென்டரில் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியதும் எனக்குக் கை ஓயும், உடனே உனக்கு வீடியோ கால். இங்கே இருபது பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் அங்கே என் பேரனும் தூங்குவானே என்று இந்த மூளைக்குத் தோன்றவில்லை. எடை பார்க்க வருகிற தாய்மாரிடம், பிள்ளை தூங்கும்போது நீயும் படு என்று பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் நான். அதே தாய்மாரைக் கூப்பிட்டு நிறுத்தி, இந்தா என் பேரன் என்று உன் தூக்கத்தைக் கெடுத்துக் காட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். மன்னித்துக்கொள் மக்கா.

நான் வரும்வரை சொல்வதைக் கேள். பால் குடித்ததும் பிள்ளையை மாப்பிள்ளை தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கட்டும், துணி மாற்றட்டும், நீ படு. பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் காபி போட எழுந்திருக்காதே. பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும், நான் வந்து கழுவுகிறேன். பால் குறைவு என்று நீயாக முடிவு கட்டாதே, எடையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும், தலை சுற்றுவதையும் அவரிடம் மறைக்காமல் சொல். அம்பாள் ஒற்றைக்காலில் தபசு நின்றது போதும், நீயும் நிற்க வேண்டாம்.

இருபதாம் தேதி மாப்பிள்ளை மட்டும் ஸ்டேஷனுக்கு வரட்டும், சாவியையும் கொண்டு வரட்டும், நான் பெல் அடிக்க மாட்டேன். நீ தலை சீவாமல், பொட்டு வைக்காமல், வாயைத் திறந்து தூங்குவதை நான் முதலில் பார்க்க வேண்டும். பேரனை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

கோயில் புற்றுமண் எடுத்துவைத்திருக்கிறேன், வந்து உங்கள் மூன்று பேர் நெற்றியிலும் இடுகிறேன். எல்லா நலமும் பெற்று நீடூழி வாழுங்கள். மறக்காதே, இதற்குப் பதில் எழுத வேண்டாம், அந்த நேரம் படுத்துத் தூங்கு.

உன் அம்மா,
சங்கரேஸ்வரி