கலிமாவுக்குப் பின்

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காலையிலேயே மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது. என் மனைவி ர.வுக்கு மாத்திரை இனி இரண்டு மட்டும், மற்றதெல்லாம் நிறுத்தம். "வீட்டிலேயே வெச்சுப் பார்த்துக்குங்க சார்" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கட்டிலைத் திருப்பிப் போட்டோம், அவள் முகம் தொழும் திசையை, கிப்லாவைப் பார்க்க. இப்போது ஜன்னல் அவளுக்கு முதுகுப் பக்கம். லஸ் முனைச் சத்தம் கேட்கும், தெரு தெரியாது.

அவள் தங்கை மும்தாஜ் கோடம்பாக்கத்திலிருந்து பெட்டியோடு வந்துவிட்டாள். வந்ததும் அக்காவின் காதருகே குனிந்து கலிமா சொன்னாள். வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வைத் தவிர வேறில்லை. அந்த ஒரு வரி. ர. கண்ணைத் திறந்து, தெளிவாகத் திருப்பிச் சொன்னாள்.

மும்தாஜ் அழுது முடித்து என்னைச் சமையலறைக்கு அழைத்தாள். "மச்சான், லாத்தா கலிமா சொல்லிட்டாங்க. இனி அதுதான் அவங்க கடைசிப் பேச்சா இருக்கணும். யாரும் பேச்சுக் கொடுக்காதீங்க, நீங்களும்தான்."

தலையாட்டினேன்.

பிறகு மார்க்கச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சாகும் தறுவாயில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வற்புறுத்தக் கூடாது. சொல்லிவிட்டால் நச்சரிக்கக் கூடாது. அதன்பின் வேறு ஏதாவது பேசினால் மறுபடி மெதுவாக நினைவூட்டலாம். பேசவே விடாதே என்று எங்கும் இல்லை. ஆனால் நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை. நில அளவைத் துறையில் வரைபடம் போட்டவன். அடிக்குறிப்பு ஏதாவது என் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

ஜூலை 9, புதன்

வாங்க வேண்டியது: டெட்டால், பஞ்சு, இளநீர், பல்பு ஒன்று. பல்பு மறந்தேன்.

ர. இன்று கேட்டவை: மணி என்ன, யார் வந்தது, மீன்காரி போய்விட்டாளா, என் சட்டையில் ஏன் பித்தான் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மும்தாஜ் குனிந்து கலிமா சொன்னாள். ர.வும் சொன்னாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் பித்தான் இல்லாத இடத்தைப் பார்ப்பேன்.

மதியத்துக்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பகல் நேரப் பணிப்பெண் தேவி என்னிடம் மாடிப்படியில்: "இன்னா சார் இது? அந்தம்மா பாவம், கேட்டுக்கினே கீது, ஒருத்தர் பதில் சொல்ல மாட்றீங்க. ஊமை வூட்டுக்கு வேலைக்கு வந்த மாரி கீது எனக்கு."

எங்கள் மார்க்கத்தில் இப்படி ஒன்று உண்டு என்று விளக்கத் தொடங்கினேன். நடுவில் எனக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. நிறுத்திவிட்டேன்.

இந்த ரமலானில் நோன்பு வைக்க முடியவில்லை அவளால். ஹஜ் தள்ளித் தள்ளியே போயிற்று, என்னால்தான். தொழுகையைக் கண்ணசைவில் நிறைவேற்றலாம், ஆனால் அதற்கான நேரம், வக்து, வருவதும் போவதும் அவளுக்குத் தெரிவதில்லை. இந்தக் கலிமா ஒன்றுதான் கையில் மிச்சம். அதையும் நான் கெடுத்துவிட்டால்?

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். மழை வரவில்லை.

பக்கத்து வீட்டு மாமி காலையில் வாசலில். ர.வுக்கு இருபது வருஷத் தோழி. "பத்து நிமிஷம் அவகிட்ட பேசிண்டிருந்துட்டுப் போயிடறேன் சார். ஆத்துல உக்காந்துண்டு அவளையே நெனச்சிண்டிருக்கேன்."

மும்தாஜ் கதவைப் பாதி மூடியபடி, "தூங்குறாங்க மாமி."

உள்ளேயிருந்து ர.வின் குரல்: "யாரு, மாமியா?"

மாமி என்னைப் பார்த்தார். "முழிச்சிண்டுதானே இருக்கா?" நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மதியத் தொழுகை லுஹருக்குச் சீக்கிரமே பள்ளிவாசலுக்குப் போனேன், இமாம் ஹஸ்ரத்திடம் கேட்டுவிடுவது என்று. தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்துக் குழாய் உடைந்து நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். "என்ன பாய், வீட்ல எப்படி இருக்காங்க?" என்றார். "துஆ செய்யுங்க" என்றேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. கேட்டு, 'பேசுங்கள்' என்று அவர் சொல்லிவிட்டால் மும்தாஜிடம் போய் யார் சொல்வது?

மாலைத் தொழுகை அஸரை வீட்டில் தனியாகத் தொழுதபோது மூன்று ரக்அத்தா நான்கா என்று சந்தேகம். மூன்றென்று வைத்து ஒன்று கூடுதலாகத் தொழுது, மறதிக்காக நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவும் செய்தேன். தொழுகைக்காவது இப்படி ஒரு வழி இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ, வெள்ளித் தொழுகை. நடந்து போய் நடந்து வந்தேன், முழங்கால் வலி. மும்தாஜ் துணி எடுக்கக் கோடம்பாக்கம். தேவி சாப்பிடப் போயிருந்தாள்.

"இங்க வாங்க," என்றாள் ர.

போனேன்.

"என் மேல என்ன கோவம் எல்லாருக்கும்?"

கோபமா?

"யாரும் பேச மாட்டேங்கறீங்க. மாமி வந்தாங்க, தொரத்தி விட்டுட்டா. வாயத் தொறந்தா கலிமா சொல்லுங்கறா. நேத்து இஸ்லாத்துக்கு வந்தவளா நானு? சொல்லாம இருக்கேனா? நான் என்ன தப்பு பண்ணேன், அதைச் சொல்லுங்க முதல்ல."

மூன்று நாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

கோபமில்லை என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். பேசினேன். என்னென்னவோ. மீன் விலை, குழாய் உடைந்தது, என் முழங்கால். அவளும் பேசினாள், மூச்சு வாங்கி வாங்கி. சட்டையை மாற்றச் சொன்னாள். "ஜும்ஆவுக்கு இந்தப் பித்தான் இல்லாத சட்டையிலயா போனீங்க? மானத்த வாங்காதீங்க."

பிறகு, "நிக்காஹ் அன்னிக்கு சம்மதம் கேட்டு உள்ள வந்தாங்களே. நான் ஏன் அவ்வளவு நேரம் வாயே தொறக்கலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. மணப்பெண் பேசாதிருந்தாலே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அவள் தகப்பனார் ஒப்பவில்லை, மகள் வாயால் சொல்லட்டும் என்று நின்றுவிட்டார். வெளியே மொத்த சபையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அன்று நினைத்தேன். பிறகும் பல முறை. ஒருநாளும் கேட்டதில்லை.

"பயந்துட்டீங்களா அன்னிக்கு?"

"இன்னிக்கு வரைக்கும்."

சிரித்தாள். இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். அஸர் பாங்கு கேட்டது.

"போய்த் தொழுதுட்டு வாங்க. எங்கயும் ஓடிட மாட்டேன். வந்ததும் சொல்றேன்."

கலிமாவை நினைவூட்ட வேண்டிய இடம் அது. மனதில் பட்டது. சொன்னால் முகம் மாறிவிடும், மறுபடி பேசாமல் போய்விடுவாள். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று பக்கத்து அறையில் தொழப் போனேன்.

திரும்பியபோது தூக்கம். எழுப்ப மனம் வரவில்லை.

மும்தாஜ் வந்ததும் தொட்டுப் பார்த்து அலறினாள். மூச்சு மாறியிருந்தது. இருவருமாக மாற்றி மாற்றி காதில் கலிமா சொன்னோம். உதடு அசையவில்லை. பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன் முடிந்தது.

"நான் போனப்புறம் ஏதாவது பேசினாங்களா மச்சான்?"

"இல்லை."

ஜூலை 12, சனி

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, லுஹருக்குப் பின் ஜனாஸா. குனிவதும் இல்லை, ஸஜ்தாவும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடுகிற தொழுகை. மூன்று பிடி மண் போட்டேன். ஒரு பிடி வெளியே விழுந்தது.

"கலிமாவோட போயிருக்காங்க பாய். யாருக்குக் கிடைக்கும்?" மும்தாஜ் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள், பெண்கள் ஆண்களிடம். ஹஸ்ரத்தும் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார். அவர் அவ்வளவு பக்கத்தில் நின்றார். சொல்லியிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதவில்லை.

ஜூலை 14, திங்கள்

தூறல். மும்தாஜ் நாளைக் காலை கிளம்புகிறாள். அக்காவின் புடவைகளை மடித்து, யார் யாருக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தாள். நிக்காஹ் அன்று பெண்கள் இருந்த அறையில் அவளும் இருந்தாள், சின்னப் பெண்ணாக, ர.வை ஒட்டிக்கொண்டு. அந்த அறையில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது அவள் மட்டும். ர. அன்று வாய் திறக்காத காரணம் அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டால், இப்போது ஏன் என்பாள். யார் ஞாபகப்படுத்தியது என்பாள். எனக்குப் பொய் நிற்காது, வெள்ளிக்கிழமை ர. பேசியது வெளியே வந்துவிடும்.

பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன மச்சான், ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"டீ போடட்டுமா?"

போடு என்றேன்.