நோ இங்கிலீஷ் சார்

9, ஞாயிறு. சவுதி, அல் கோபார் கேம்ப்.

காலையிலேயே புழுதிக் காத்து. கண்ணு ரெண்டும் உறுத்தல். சைட்ல மீட்டிங். என்னை மாதிரி கம்பிச் சாரம் கட்டுற ஆட்களை எல்லாம் மாசக் கடைசியோட ஊருக்கு அனுப்புறாங்களாம். ஃபயர் வாட்ச் வேலைக்கு மட்டும் ஒரு ஆள் வேணுமாம். வெல்டிங் நடக்கிற இடத்துல தீ பிடிக்குதான்னு பார்த்துட்டே நிக்கணும், பிடிச்சா இங்கிலீஷ்ல சொல்லணும். வியாழன் இன்டர்வியூ.

பார்க்கத் தெரியும். சொல்லத்தான் தெரியாது.

பதினோரு வருஷத்துல இங்கிலீஷ்ல எனக்குச் சரளமா வர்றது ஒண்ணே ஒண்ணு: "நோ இங்கிலீஷ் சார்." ஹெல்மெட் இல்லாம மாட்டினப்போ, ஏணியைத் தப்பா வச்சப்போ, எல்லாத்துக்கும் அதுதான். திட்ட வந்தவன் தலையில அடிச்சுக்கிட்டுப் போயிடுவான். கேம்ப்ல பாதிப் பேர் இப்படித்தான் தப்பிக்கிறோம்.

மகள் நர்சிங் ரெண்டாம் வருஷம். நாப்பத்திமூணு வயசுல ஊருக்குப் போய் நான் என்னத்தைக் கிழிக்க?

சோப்பு வாங்கணும்.

10, திங்கள்.

பக்கத்துக் கட்டில் சேகருக்குக் காய்ச்சல். வெல்டர், அவன் வேலைக்கு ஆபத்து இல்ல. ஆனா வேலைக்கு வராததுக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் வாங்கினவன். "அண்ணே, இன்னைக்கு மட்டும் பார்த்துக்கங்க." காலை சேஃப்டி மீட்டிங் ஷீட்ல அவன் பேருக்கு நேராவும் நானே கையெழுத்து போட்டேன். போன மாசம் எனக்கு அவன் போட்டான். எல்லாரும் செய்றதுதான்.

சாயங்காலம் காதர் பாய் ரூம். ஸ்டோர் கீப்பர், காயல்பட்டினத்துக்காரர். கேம்ப்ல யாருக்கு இங்கிலீஷ் லெட்டர் வந்தாலும் அவர்தான் வாசிச்சுச் சொல்வார்.

"முழு இங்கிலீஷ் வேணாம் தம்பி. ரெண்டு வேலை பார்க்கிற வார்த்தையாப் பிடிச்சுக்க. பொருளுக்குப் பேரும் அதுதான், செய்றதும் அதுதான்."

வாட்ச். ரிப்போர்ட். செக். ஸ்டாப். கால். ஸ்மோக். லீக். சைன்.

"ரிப்போர்ட் பண்ணு"ன்னேன். "பண்ணு எல்லாம் நமக்குத்தான். அவனுக்கு ஐ ரிப்போர்ட், முடிஞ்சுது."

எட்டு வார்த்தை, பதினாறு வேலை. நானும்தான் பகல்ல சாரம், சாயங்காலம் சமையல். பிடிச்சுப் போச்சு.

11, செவ்வாய்.

சாரத்து மேல நின்னே மனப்பாடம். ஐ வாட்ச். ஐ ஸ்டாப் தி வொர்க். கீழ இருந்து மலையாளி ஃபோர்மேன்: "எந்தா, பிரார்த்தனையா?" கிட்டத்தட்ட அதேதான்.

செல்வி போன். "என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?" புழுதின்னு சொன்னேன். பொண்டாட்டிகிட்ட சொல்ல வாய் வரல, இங்க எழுதுறேன். பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

12, புதன்.

சேகருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, டூட்டிக்குப் போயிட்டு வந்தான். எனக்கும் சேர்த்து சப்பாத்தி போட்டு வச்சிருந்தான். "நீங்க பாஸாயிடுவீங்கண்ணே." சட்டை அயர்ன் பண்ணிக் கொடுத்ததும் அவன்தான்.

சோப்பு மறந்துட்டேன்.

13, வியாழன்.

சேஃப்டி ஆபீசர் எகிப்துக்காரர். புகை வந்தா என்ன செய்வேன்னு கேட்டார். ஐ ஸ்டாப் தி வொர்க். ஐ கால். ஐ ரிப்போர்ட். சிரிச்சார். "குட் இங்கிலீஷ்." ஐயோ, அங்கேயே அழுதிருப்பேன்.

கடைசியா, மீட்டிங்குக்கெல்லாம் ஒழுங்கா வந்திருக்கேனான்னு பார்க்க ஷீட்டை எடுத்தார். திங்கள். என் கையெழுத்து. அதுக்குக் கீழ சேகரோடது. ரெண்டுலயும் கடைசியில ஒரே சுழி.

"யூ சைன் திஸ்?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, நோ இங்கிலீஷ் சார். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? பத்து நிமிஷமா பேசிக் காட்டியாச்சே.

"வேர் இஸ் திஸ் மேன், மண்டே?"

ஏதாவது பொய் சொல்லித் தொலைச்சிருக்கலாம். அதுக்குத் தேவையான வார்த்தை பாய் கொடுத்த எட்டுல இல்ல. "ஐ சைன் சார். ஹி ரூம். ஃபீவர்." அவர் ஷீட்ல ரெண்டு பேரையும் வட்டம் போட்டார்.

ரூமுக்கு வந்ததும் சேகர் கேட்டான். நல்லா பண்ணினேன்டான்னு சொல்லிட்டேன். பாவி நான்.

15, சனி.

புழுதி நின்னு வெயில். ஆபீஸ்ல என் பேருக்கு ஒரு கவர். பாய் தொழுகைக்குக் கிளம்பிட்டு இருந்தார். "வாசிக்கவா தம்பி?" வேணாம் பாய், எனக்கே புரியுதுன்னேன். இத்தனை வருஷத்துல நானே வாசிச்ச முதல் லெட்டர். ஆறு வரி. தப்பான கையெழுத்து. வேலை இல்ல. ஃபைனல் எக்ஸிட், அதாவது ஒரேயடியா ஊருக்கு. ரெண்டு தடவை வாசிச்சேன், ரெண்டு தடவையும் அதேதான்.

சேகர் டூட்டி முடிஞ்சு சிரிச்சுக்கிட்டே வந்தான். கையில அதே மாதிரி கவர்.

"அண்ணே, உங்களுக்குத்தான் இப்ப இங்கிலீஷ் வருதே. எனக்கு என்ன போட்டிருக்கான்னு படிங்க."

பிரிச்சேன். ஆறு வரி. பேர் மட்டும் வேற.

புரியலடா, பாய் வரட்டும்னேன்.