ஓடு கட்டாத குஞ்சு

பம்பாய், 12.8.1993

அம்மாவுக்கு சலாம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் ஆமை முட்டைக்குள் மருந்து செலுத்தி, எலும்புக்கு உரம் தரும் கொலாஜனைக் கெடுத்துப் பார்க்கிறோம். நேற்று நான் திறந்த முட்டையில் குஞ்சின் ஓடு ஈரத்துணியாகக் கிடந்தது. மெல்லத் தொட்டேன், விலா ஒடிந்தது. மனிதக் குழந்தைகளிலும் சிலர் இப்படித் தொட்டால் ஒடியும் எலும்போடு பிறப்பதுண்டு என்றார் பேராசிரியர்.

நம் பிள்ளைக்குத் தொடை முறிந்த அன்று, "ஏட்டி, கீழ போட்டுட்டு பொய்யா சொல்லுத?" என்று உங்கள் மருமகள் நூர்னிசாவைப் பிள்ளையோடு செட்டியார்பட்டித் தாய்வீட்டுக்கு விரட்டினீர்கள். நானும் நம்பினேன். அன்று காலை அவனைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கைகால் நீவி இழுத்துக் குளிப்பாட்டியது நீங்கள்.

இருவரையும் உடனே அழைத்து வாருங்கள். நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். பிள்ளையை மட்டும் தொடாதீர்கள்.

மகன்,
முத்து முகம்மது