கடலை தின்றும் ஏறாத எடை

செவ்வாய்க்கிழமை, இரவு.

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போன வருடம்தான் எழுதக் கற்றேன், விரல் இன்னும் வளையவில்லை. நாளைக்கு இதைப் படிக்கப்போகிற நானே பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சர்க்கரை நோய். மாலையில் போண்டாவை விட்டுவிட்டு, உப்பில்லாமல் வறுத்த கடலையை ஒரு கைப்பிடி அளவு தின்னுங்கள், எடை ஏறாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் மனைவி சின்னப்பொண்ணு நம்பவில்லை.

"எண்ணெய் ஆட்டற கடலைங்க அது. தின்னா ஒடம்பு பெருக்காதா?"

ஆஸ்பத்திரித் தராசையும் அவள் நம்பவில்லை. கடலை தின்னத் தொடங்கிய அன்றே, எஸ்டேட்டில் காப்பிப் பழம் நிறுக்கும் தராசில் என்னை ஏற்றிப் பார்த்திருந்தாள். எடை கூடியிருந்தால் இனிமேல் கடலையே கிடையாது என்று சொல்லி, இன்று மறுபடி கூட்டிப்போனாள்.

மழையில் நனைந்த கம்பளியோடு ஏறி நின்றேன். எடை எழுதும் எஸ்டேட் ரைட்டர் பழக்கதோஷத்தில், "ஈரச் சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சர்லாமுங்களா?" என்றார்.

"ஒண்ணுமே கழிக்காதீங்க," என்றாள் சின்னப்பொண்ணு.

கழிக்காமலே முன்பைவிடக் குறைவு! பழம் பறிக்கும் பெண்கள் கைதட்டினார்கள். நான் தராசைவிட்டு இறங்கவே இல்லை.

"மாப்பிள்ள மாதிரி நின்னது போதுமுங்க, எறங்குங்க. பழம் நிறுக்கோணும்," என்றார் ரைட்டர்.

வீட்டுக்கு வந்ததும் அவளே கடலை வறுத்து என் கையில் கொட்டினாள். உடனே பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா ஒரு கைப்பிடின்னு சொன்னது எங் கைக்குங்க. உங்க கை மம்பட்டியாட்ட இருக்குது."

ஜெயித்த கடலை, பாதியானாலும் என்ன ருசி! எந்தக் கை என்று அடுத்த வாரம் டாக்டரம்மாவிடமே கேட்டு எழுதுகிறேன்.